ரோட்டின் ரெண்டாவது பாதி

அன்னைக்கு நான் சொன்னது ஒத்த வார்த்தைதான். "இல்ல"ன்னேன். கேட்டவ கிருபான்னு ஒரு பிள்ள, தவளையைப் பத்தி ஆராய்ச்சி படிக்கா. அவளை ஏமாத்தணும்னு சொல்லல, சாமி சத்தியமா. வெளியாள்ட்ட சொல்லக் கூடாதுன்னு ஒரு முறை இருந்துச்சு, அதனால சொல்லல. அந்த ஒத்த வார்த்தை எங்கன கொண்டுபோய் விடும்னு எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா நாக்கை அறுத்துப் போட்டிருப்பேன்.

என் பேரு சத்தியபாமா. ஊரு கொக்கரையான்பட்டி. கோவில்பட்டியில இருந்து கயத்தாறு போற நாலுவழி ரோட்டுல பச்சைப் பலகை ஒண்ணு நிக்கும். நீங்க பாத்திருக்க மாட்டீங்க, அந்த வேகத்துல போறவனுக்குப் பலகை எங்க தெரியும். ரோட்டுக்குக் கிழக்க ஊரும் கீழக்கம்மாயும். மேக்க மேலக்கம்மாயும் மேய்ச்சக்காடும். பதினஞ்சு வருசத்துக்கு முன்னால நடுவுல வெறும் கரிசக்காடுதான், சோளம் போட்டுக் கெடக்கும். இப்போ ரோடு.

எங்க வீட்டுக்காரவிய பேரு பூவனநாதன். நாப்பது வெள்ளாடு வச்சிருந்தாவ. கிழக்க இருந்த புறம்போக்கை எல்லாம் சோலார்க்காரன் கம்பிவேலி போட்டு வளைச்சுக்கிட்டான், அதனால மேய்ச்சலுக்கு மேக்கதான் போகணும். காலையில எட்டு மணிக்கு ஆட்டைப் பத்திக்கிட்டு ரோட்டைத் தாண்டணும், சாயந்தரம் அஞ்சு மணிக்குத் திரும்பத் தாண்டணும். அவியளுக்கு இடது காது சுத்தமா கேக்காது. சின்னதுல சீழ் வடிஞ்சு போன காது.

ரோட்டைத் தாண்டுறவனுக்கு மொதப் பாதியில வண்டி வலது பக்கம் இருந்து வரும். அது அவியளுக்குக் கேட்டுரும். நடுத்திட்டுல அரளிச்செடிக்குள்ள ஏறி எறங்குனா ரெண்டாவது பாதி. அங்கன வண்டி இடது பக்கம் இருந்து வரும். திரும்பி வரையிலயும் இதே கதைதான், மொதப் பாதி வலது, ரெண்டாவது பாதி இடது. எந்தப் பக்கம் போனாலும் ரெண்டாவது பாதி அவியளுக்குச் செவிட்டுப் பாதி. அதனால காலையில எட்டு மணிக்கும் சாயந்தரம் அஞ்சு மணிக்கும் நான் ரோட்டோரம் போய் நின்னு கத்துவேன். "வாரான், வாரான், நில்லுங்க! ம், இப்போ போங்க!" தொண்டை கிழியக் கத்துவேன். காய்ச்ச வந்தாலும் போவேன். அப்படியும் ஒருநா லாரிக்காரன் ஒருத்தன் ஆறு ஆட்டை அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிட்டான், பேதியில போவான். ரெண்டாவது பாதியிலதான்.

ரோட்டுக்கு அடியில ஒரு வழி விடுங்கன்னு ஊரே மனு குடுத்துச்சு. எத்தனை மனுன்னு கணக்கே கிடையாது. "பரிசீலிக்கப்படும்"னு ஒரு தாள் வரும். அதோட சரி.

போன வருசத்துக்கு முந்தின வருசம் ஐப்பசியில மொத மழை விழுந்த சாயந்தரம்தான் கிருபா வந்தா. நாசரேத் பக்கத்துப் பிள்ள. ரப்பர் பூட்ஸ், தலையில ஒரு லைட்டு, பை நிறைய குழாய் குழாயா டப்பா. "அக்கா, தங்க ஒரு இடம் கிடைக்குமா?"ன்னா. எங்க வீட்டுலயே இரு, சோத்துக்கு என்ன பஞ்சமான்னு வச்சுக்கிட்டேன்.

அவ தேடி வந்தது எங்க குண்டுத்தவளையைத்தான். வருசம் முச்சூடும் கரிச மண்ணுக்கு அடியில கெடக்கும். ஒருத்தன் கண்ணுலயும் படாது. மொத மழை விழுந்து வெடிப்பெல்லாம் மூடுனதும் குபுகுபுன்னு மேல வந்து, ஊரே காதைப் பொத்துத மாதிரி கத்தும். பத்து நாளு ஆட்டம், அதுக்கப்புறம் திரும்ப மண்ணுக்குள்ள. இந்தச் சாதித் தவளை ரொம்பக் கொறைஞ்சு போச்சாம், அழியப் போற பட்டியல்ல இருக்காம். "இது கத்துத கத்துக்கு அழியப் போற மாதிரியாட்டி இருக்கு?"ன்னு கேட்டேன். சிரிச்சா.

வேலை எல்லாம் நான்தான் கூட நின்னு பாத்தேன். கீழக்கம்மாயில அம்பது, மேலக்கம்மாயில அம்பது பிடிச்சோம். காது கொடையுத பஞ்சுக்குச்சி மாதிரி ஒண்ணை எடுத்து ஒவ்வொண்ணு வாயிலயும் தடவி, குழாயில போட்டு மூடி, தவளையை விட்டுருவா. எதுக்குன்னு கேட்டேன். "வம்சம் பாக்கத்தான்க்கா. ரோடு வந்ததுல இருந்து இந்தப் பக்கத்துத் தவளையும் அந்தப் பக்கத்துத் தவளையும் கலக்க முடியாமப் போயிருந்தா, ரெண்டும் தனித்தனியா ஒதுங்கியிருக்கும். ஒரே ரத்தத்துக்குள்ளயே சுத்திச் சுத்திக் குஞ்சு பொரிக்கும். கொஞ்ச காலத்துல முட்டை பொரிக்காது"ன்னா.

நான் நம்பல. அதுக்காகவே ஒருநா என்னைக் கூட்டிட்டுப் போனா. பஸ்சுல அரை மணி நேரம். ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் மில் காம்பவுண்டுச் சுவரு, நடுவுல ஒரு குளம். மழை பேஞ்சு தண்ணி நிறையக் கெடக்கு. தவளையும் கெடக்கு, ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு. கிருபா தண்ணிக்குள்ள கையை விட்டு முட்டையை அள்ளிக் காட்டுனா. வேகாத ஜவ்வரிசி கணக்கா வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. எல்லாம் செத்த முட்டை. ரெண்டு மூணு தலைப்பிரட்டை நீந்துச்சு, அதுல ஒண்ணுக்கு வாலு கோணி, நேரா போக முடியாம ஒரே இடத்துல வட்டம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு தண்ணி கெடந்தும் அந்தக் குளத்துல ஒரு சத்தம் இல்ல. வாட்டி, போயிருவோம்னு அவ கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்.

திரும்பி வரையிலதான் பஸ்சுல வச்சு அந்த விசயத்தைச் சொன்னா. ரோட்டை ஆறுவழியாக்கப் போறாவளாம். நடுவுல அரளியை எல்லாம் பிடுங்கிட்டு நெஞ்சு உயரத்துக்குக் கான்கிரீட் சுவரு வரப் போகுதாம். ரோடு கம்பெனிதான் இவ காலேஜ்ட்ட அறிக்கை கேட்டிருக்கு. ரோடு தவளையைப் பிரிக்குதுன்னு இவ சோதனையில வந்துட்டா, அடியில வழி விட்டுத்தான் ஆகணுமாம்.

"தவளை போற அளவுக்கு ஒரு குழாயைப் புதைப்பான். எங்களுக்கு என்ன?"

"சின்னக் குழாயில தவளை போகாதுக்கா. இருட்டுன்னா உள்ள வராது. அகலமா, வெளிச்சமா, தரையில ஈரமண்ணோட இருக்கணும். ஆள் நிமிர்ந்து நடக்குத உயரம் எழுதுவேன்."

"ஆடு போகுமாட்டி?"

"பூவனநாதன் அண்ணன் ஆட்டோட போகலாம். குடை பிடிச்சுக்கிட்டுக் கூடப் போகலாம்."

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. மனுசன் கேட்டுக் கெடைக்காதது தவளை கேட்டாவது கெடைக்கட்டுமே! அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவியள்ட்ட சொன்னேன், இனிமே நான் ரோட்டோரம் நின்னு கத்த வேண்டியதில்லன்னு. "நீ கத்தாம இருப்பியாட்டி? வேற எதுக்காவது கத்துவ"ன்னாவ.

மறுநா காலையில கிருபா ஒரு தாளை எடுத்து வச்சு ஊர்க்காரங்கள்ட்ட கேக்குத கேள்வின்னு கேட்டா. கம்மாய் எப்போ பெருகும், எப்போ வத்தும், மருந்து அடிக்கீங்களா, இப்படி. நடுவுல ஒண்ணு. "யாராவது தவளையைப் பிடிச்சு ஒரு கம்மாயில இருந்து இன்னொரு கம்மாய்க்குக் கொண்டு போறதுண்டாக்கா?"

"இல்ல"ன்னேன்.

அந்த முறையை இப்போ சொல்லுதேன். இனி மறைச்சு என்ன?

எங்க ஊருல புரட்டாசி கடைசிச் செவ்வாக்கிழமை தவளைக் கல்யாணம் உண்டு. மாப்பிள்ளை மேலக்கம்மாய், பொண்ணு கீழக்கம்மாய். களைக்கொத்தியால மடைக்குப் பக்கத்துல ஒரு கை ஆழம் தோண்டுனா ஈரத்துல உக்காந்திருக்கும். ஈர மஞ்சத்துணியில முடிஞ்சு இடுப்புல செருகிக் கொண்டாரணும். அரிசி புடைக்குத சொளவுல ரெண்டையும் வச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, கொலவை போட்டுக் கல்யாணம். முடிஞ்சதும் ரெண்டையும் சேத்து விடக் கூடாது, பிரிச்சு விடணும். மாப்பிள்ளையைக் கீழக்கம்மாயில விட்டுட்டு, பொண்ணைக் கொண்டுபோய் மேலக்கம்மாயில விடணும். ஒண்ணைத் தேடி ஒண்ணு கத்தும், அந்தக் கத்து கேட்டு மழை எறங்கும். இதுதான் கணக்கு. தூக்குத உரிமை எங்க வீட்டுக்கு. தூக்குதவ அதை வெளியாள்ட்ட வாயைத் திறந்து சொல்லக் கூடாது, சொன்னா மழை நின்னுரும்னு பேச்சு. ரோடு வாரதுக்கு முன்னாலயும் நான்தான் தூக்குனேன். ரோடு வந்த பிறகும் பதினஞ்சு வருசம் நான்தான் தூக்குனேன்.

இப்போ வெளங்குதா உங்களுக்கு? எனக்கு அன்னைக்கு வெளங்கல. எனக்கு அது சாமி காரியம். அவ கேட்டது என்னமோ மீன்குஞ்சு கொண்டாந்து விடுத மாதிரி யாவாரக் காரியம்னு நெனைச்சேன். முட்டாக் கழுத நான்.

அடுத்த வருசம் ஆவணியில கிருபா திரும்ப வந்தா. மூஞ்சியே சரியில்ல. காப்பியைக் குடுத்தா வாங்கி அப்படியே தரையில வச்சா.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான்க்கா இருக்கு. வித்தியாசமே இல்ல. ரோடு தவளையைப் பிரிக்கலன்னு வந்திருக்கு. அறிக்கை போயிட்டு."

"அதெப்படிட்டி? ஒண்ணு கூடத் தாண்ட முடியாதே. மழை விட்ட காலையில ரோட்டுல நசுங்கிக் கெடக்குததை நீயும் நானும் கூட்டி அள்ளுனோம்லா?"

"அதான்க்கா எனக்கும் புரியல. பத்து நாளும் பாத்தேன், உயிரோட ஒண்ணு அந்தப் பக்கம் போகல. ஆனா யாரோ கடந்துக்கிட்டே இருக்காங்க. நிறைய வேண்டாம். தலைமுறைக்கு ஒண்ணு ரெண்டு போய்ச் சேந்தாலே போதும், ரெண்டு பக்கமும் ஒரே வம்சமாத்தான் தெரியும்."

தலைமுறைக்கு ஒண்ணு ரெண்டு. இடுப்புல ஈரத்துணி பட்ட மாதிரி குளுந்துச்சு. எந்திரிச்சுப் போய் ஆட்டுக்குத் தண்ணி காட்டுனேன், அடுப்பை மூட்டுனேன், அணைச்சேன். ரெண்டு நாளு சோறு எறங்கல. மூணாம் நாள் அவ பையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பையில கையைப் பிடிச்சு உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

திட்டுவான்னு பாத்தேன். திட்டல. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா"ன்னா. அவ்வளவுதான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ரெண்டு பேரும் கோவில்பட்டிக்குப் போனோம், ரோடு கம்பெனி ஆபீசுக்கு. சுற்றுச்சூழல் பாக்குத அதிகாரின்னு யோகராஜ்னு ஒருத்தன். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. உக்காருங்கம்மான்னு சொல்லி டீயும் கடலை மிட்டாயும் வாங்கிட்டு வரச் சொன்னான். கிருபா எல்லாத்தையும் எடுத்துச் சொன்னா. தவளை தானா தாண்டல, இந்த அக்கா தூக்கிட்டுப் போனதாலதான் அப்படித் தெரியுது, அறிக்கையை மாத்தி எழுதணும், வழி கண்டிப்பா வேணும்னு. வெளியாள்ட்ட சொல்லக் கூடாத முறையை நானும் என் வாயால அந்த ஆபீசுல வச்சுச் சொன்னேன்.

அவன் பொறுமையா கேட்டான். கேட்டுட்டுச் சிரிச்சான்.

"அருமையான விசயம்லாம்மா இது! அப்போ இணைப்பு இருக்கு. வருசத்துக்கு ஒரு ஜோடி போதும்னு மேடமே சொல்றாங்க. ஒருத்தர் நடந்து போய்ச் செய்யுத வேலைக்கு ரோட்டை வெட்டி இவ்வளவு செலவுல வழி எதுக்கு? நீங்க வழக்கம் போல செய்யுங்க. நாங்க அதையே அறிக்கையில சேத்துருதோம். உங்க பேரையும் போடுதோம்."

"சார், ஒரு மனுசியை வழின்னு எழுத முடியாது"ன்னா கிருபா.

"ஏன் முடியாது? உள்ளூர் மக்கள் பங்களிப்புன்னு ஒரு தலைப்பே இருக்கு."

நான் அந்தக் கடலை மிட்டாயை அவன் மேசையிலயே வச்சேன். "நான் தாண்டுறதுக்கு வழி கேட்டா, என்னையே வழின்னு எழுதுவியா? உன் ரோட்டுல ஒருநா ஆட்டைப் பத்திக்கிட்டுத் தாண்டிப் பாருலே"ன்னு கத்திட்டேன். வாசல்ல நின்ன வாட்ச்மேன் ஓடியாந்துட்டான். கிருபா என்னைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்தா.

புரட்டாசி பெறக்கையில சுவரு வந்துட்டு. அரளிச்செடி எல்லாம் வேரோட போச்சு. நெஞ்சு உயரத்துக்கு வெள்ளையா, கண்ணுக்கு எட்டுன மட்டும் ஒரே சுவரு. எங்க ஊருக்குன்னு ஒரு ஃபர்லாங் தள்ளி ஒரு திறப்பு விட்டானுவ, வண்டி திரும்புததுக்கு. அதுலதான் ஆடும் போகணும், ஆளும் போகணும். முன்னால நடுத்திட்டுல நின்னு மூச்சு வாங்கலாம், இப்போ அதுக்கும் இடம் இல்ல. நானும் கூட ஒரு ஃபர்லாங் நடந்து போய் நின்னு கத்துனேன். சுவரு அந்தப் பக்கத்து வண்டியை மறைச்சுருது. டயருச் சத்தம் கேக்கும், எங்கன வாரான்னு தெரியாது.

கடைசிச் செவ்வாய் நெருங்குச்சு. ஊர்த்தலைவர் இசக்கிபாண்டி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தாவ. "கல்யாணத்துக்குத் தவளை எடுக்கணும்லா"ன்னாவ.

"நான் தூக்க மாட்டேன் அண்ணாச்சி."

"என்ன பேச்சு இது?"

"நான் தூக்குனாத்தான் அவனுக்கு வழி விட வேண்டாம். அவன் தாள்ல என் பேரை எழுதி வச்சிருக்கான். ரோடு கம்பெனிக்கு நான் கொத்தடிமை வேலை பாக்க மாட்டேன். ஒரு வருசம், ரெண்டு வருசம் நிறுத்துவோம். அடுத்து கிருபா வந்து பாக்கையில வித்தியாசம் தெரியட்டும். அப்போ அவன் வழி விட்டுத்தானே ஆகணும்!"

என் கணக்கு சரியான கணக்குதான். இப்பவும் சொல்லுதேன், கணக்கு சரிதான். மழைதான் அந்தக் கணக்குல இல்ல.

அந்த வருசம் கல்யாணம் நடக்கல. புரட்டாசி போச்சு. ஐப்பசி பெறந்துச்சு. எல்லாரும் புழுதியில உளுந்தும் பாசியும் சோளமும் விதைச்சுப் போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாவ. மதியத்துக்கு மேக்க கருத்துக்கிட்டு வரும், காத்து அடிக்கும், கலைஞ்சுரும். எறும்பு சாரை சாரையா விதையைத் தூக்கிட்டுப் போச்சு. கரிசல் வெடிச்சு ஆட்டுக்குட்டி காலு மாட்டுத அளவுக்குப் பிளந்துட்டு. கம்மாயில ஒரு சத்தம் இல்ல. எனக்கு அந்த மில்லுக்காரக் குளம் ஞாபகம் வந்துக்கிட்டே இருந்துச்சு, வட்டம் போட்ட தலைப்பிரட்டையும்.

பேச்சு கிளம்பிட்டு. சத்தியபாமா ஆபீசுல போய் வாயைத் திறந்துட்டா, அதான் மழை நின்னுட்டுன்னு. டீக்கடையில அவிய காதுபடவே பேசியிருக்கானுவ, கேக்குத காதுப் பக்கம் நின்னே. அவிய வீட்டுக்கு வந்து கஞ்சியைக் குடிச்சுட்டு, "ஒரு தவளைதானட்டி. இடுப்புல என்ன கனமா கனக்கப் போகுது?"ன்னாவ.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "நீங்களும் அவனுவ கூடச் சேந்துட்டீங்களா? தூக்குங்க. நீங்க போய்த் தூக்குங்க. போகையில என் தாலியைக் கழத்தி வச்சுட்டுப் போங்க"ன்னேன்.

வாயில வரக் கூடாத வார்த்தை. வந்துட்டு. அவிய என்னை ஏறிட்டுப் பாத்தாவ. "சரிட்டி, படு"ன்னாவ.

அடுத்த திங்கக்கிழமை சாயந்தரம் வழக்கம் போல திறப்புக்கு எதிர்ல நின்னு கத்தி, ஆட்டையும் அவியளையும் இந்தப் பக்கம் கொண்டாந்தேன். அவிய இடுப்புல மேலக்கம்மாய் மாப்பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது. ஆட்டை அடைச்சுட்டுக் கீழக்கம்மாய்ப் பக்கம் போயிட்டு வந்தாவ. வெளிக்குப் போறாவன்னு நெனைச்சேன்.

மறுநா செவ்வாக்கிழமை. "வயித்துக்குச் சரியில்ல, ஆட்டை மதியத்துக்கு மேல பத்திக்கிடுதேன்"ன்னாவ. சரி படுத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டு நான் ரேஷன் கடைக்குப் போயிட்டேன். சர்க்கரைக்கு நின்னேன். வரிசை பெருசு. என் முறை வாரதுக்கும் இசக்கிபாண்டி அண்ணாச்சி செருப்பில்லாத காலோட ஓடி வாரதுக்கும் சரியா இருந்துச்சு. அண்ணாச்சி மூஞ்சியைப் பாத்ததும் பையைப் போட்டுட்டு ஓடுனேன்.

ஆடு இல்ல, கம்பு இல்ல, ஒத்தையா போயிருக்காவ. மொதப் பாதியைத் தாண்டியாச்சு. திறப்பையும் தாண்டியாச்சு. ரெண்டாவது பாதியில, ஓரத்துக்கு இன்னும் நாலு எட்டு இருக்கையில, இடது பக்கம் இருந்து வந்த வேனு. கத்துததுக்கு ஆளு இல்ல. கத்த வேண்டியவ சர்க்கரைக்கு நிக்கா.

அவிய தலையை மடியில எடுத்து வச்சேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கல்யாணம் ஆன நாள்ல இருந்து கூப்பிடாத பேரை. வலது காதுலதான் கூப்பிட்டேன். கேக்கல. வேட்டியை ஒதுக்கி விடும்போது இடுப்புல மஞ்சத்துணி முடிச்சு கையில பட்டுச்சு. ஈரமா இருந்துச்சு. அசைஞ்சுது.

பிரிச்சுப் பாத்தேன். பொண்ணு. உசுரோட இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல அதுக்கு. தொண்டை மட்டும் படக்கு படக்குன்னு அடிச்சுக்கிட்டு என்னையே பாத்துச்சு. வந்த ஆத்திரத்துல அதை அந்தத் தாரு ரோட்டுலயே அடிச்சுக் கொல்லணும்னு கையை ஓங்கிட்டேன். ஓங்குன கையை எறக்க முடியல. அவிய அவ்வளவு பத்திரமா முடிஞ்சிருந்தாவ, ரெண்டு சுத்து, துணி காயாம இருக்க உள்ள ஒரு வெத்தலை வச்சு.

போலீசு வந்துச்சு, ஆம்புலன்சு வந்துச்சு. ரோட்டை நிறுத்துனாவ. ரெண்டு பக்கமும். லாரி, பஸ்சு, காரு எல்லாம் வரிசையா நின்னுச்சு. ஒரு இன்ஜின் சத்தம் இல்ல. ரோடு வந்த பதினஞ்சு வருசத்துல அது நின்னு நான் பாத்தது அன்னைக்குத்தான். அவியளைத் தூக்கி வண்டியில ஏத்துனாவ. ஏத்துன உடனே நான் எந்திரிச்சு, கையில தவளையோட, அந்த நாலு எட்டை நடந்தேன். யாரும் தடுக்கல. மேலக்கம்மாய்க்குப் போய் மடைக்குப் பக்கத்துல ஒரு கை ஆழம் தோண்டி, அடி ஈரத்துல விட்டேன். பின்னங்காலால மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாவே உள்ள போச்சு. கடைசியா கண்ணு ரெண்டும் மூடுற வரைக்கும் பாத்துட்டுத் திரும்பி வந்து வண்டியில ஏறுனேன்.

நாலாம் நாள் மழை. அப்படி ஒரு மழை. எளவு வீட்டுப் பந்தலே பிச்சுக்கிட்டுப் போச்சு. ரெண்டு கம்மாயும் பெருகுச்சு. ஊர்க்காரவிய வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பூவனநாதன்தான் மழையைக் கொண்டாந்தாவன்னு அழுதாவ. எல்லாரையும் விரட்டி விட்டேன். இந்தப் பக்கம் ஒண்ணு கத்துது, அந்தப் பக்கம் ஒண்ணு கத்துது, நடுவுல லாரி போகுது. நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். யாருக்காக இனி நான் ரோட்டோரம் போய்க் கத்தப் போறேன்?

கிருபா வந்து மூணு நாள் கூட இருந்தா. அழுதா. அறிக்கையைப் பத்தி நானும் கேக்கல, அவளும் சொல்லல.

காரியம் முடிஞ்ச பிறகு யோகராஜ் வந்தான். மாலை கொண்டாந்திருந்தான். படத்துக்குப் போட்டான். பையில இருந்து ஒரு தாளை எடுத்தான். "மேல இருந்து கேக்காங்கம்மா. வருசா வருசம் தவளையை மாத்தி விடுத ஆளு யாருன்னு ஒரு பேரு வேணும். நீங்க கையெழுத்துப் போட்டா..."

"கையெழுத்துப் போடுதேன். ஒண்ணே ஒண்ணு செய்யணும். புரட்டாசி கடைசிச் செவ்வாய் நான் தாண்டையில ரோட்டை நிறுத்தணும். அரை மணி நேரம்."

"அது எப்படிம்மா முடியும்? இது பெரிய ரோடு. நிறுத்த எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"செத்தா நிறுத்துனீங்கள்லா?"

அவன் மாலையை ஒரு தடவை சரி பண்ணிட்டு, தாளைப் படத்துக்குக் கீழ வச்சுட்டுப் போயிட்டான்.

ஆட்டை எல்லாம் வித்தாச்சு. தாள் இன்னும் அங்கனதான் இருக்கு. புரட்டாசிக்கு நாலு மாசம் கெடக்கு. தூக்குத உரிமை எங்க வீட்டுக்குத்தான், எங்க வீட்டுல இப்போ நான் ஒருத்திதான். யாரும் வாயைத் திறந்து கேக்கல, ஆனா குடத்தோட தெருவுல நடந்தா எல்லாரும் என் இடுப்பைத்தான் பாக்காவ. எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும். காலையில எட்டு மணிக்கு இப்பவும் அந்தத் திறப்புக்கு எதிர்ல போய் நிக்கேன். ரெண்டாவது பாதியில வண்டி எத்தனை மூச்சுக்கு ஒருக்கா வருதுன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன்.